உரியும் சுவரின் மறுபக்கம்

வெள்ளையடிப்பவன் பெயர், அடித்த அன்று யாருக்கும் நினைவிருக்காது. உரிந்த அன்று தெருவே சொல்லும். பழவேற்காட்டில் வீட்டுக்குள் சுவர் வைத்திருக்கும் உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. உங்கள் சோற்றிலும் சுண்ணாம்பு விழுந்திருக்கும்.

துணி மேல் விழுந்தது

ஒல்லாந்தர் கிடங்கு ஒன்றில் கப்பலுக்குப் போகும் சாயத் துணிகளை அடுக்கியிருந்தார்கள். உள்சுவர் பத்தை பத்தையாக உரிந்து அவற்றின் மேல் கொட்டியது. சுண்ணாம்பு பட்ட இடமெல்லாம் நிறம் மாறியது. கிடங்குத் துரையின் பேச்சை நமக்கு மாற்றிச் சொல்லும் துபாஷி நாகப்பர் என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

அடுத்த கப்பல் வருவதற்குள் சுவரில் சுண்ணாம்பு நிற்க வேண்டும். நிற்காவிட்டால் இந்தக் கிடங்கு மட்டுமல்ல, ஒல்லாந்தர் கட்டடங்கள் அத்தனையின் வேலையும் சென்னப்பட்டணத்து ஆட்களுக்குப் போய்விடும். அவர்களுக்குச் சொல்லியும் அனுப்பியாயிற்று. வெள்ளையடிக்கும் எங்கள் கூட்டத்தில் எல்லா அடுப்புகளும் அந்த வேலையை நம்பித்தான் எரிந்தன. நாகப்பர் தம் பங்குக்கு ஆறுதல் சொன்னார்: "சொவரு நின்னா நீயும் நில்லு. விழுந்துச்சுன்னா எனக்கு மின்னாடி படகு ஏறிடு."

அப்பளக் கட்டு

இந்த ஊரில் பழைய சுண்ணாம்பைச் சுரண்ட மாட்டார்கள். சுரண்டினால் லட்சுமி போய்விடுவாளாம். பொங்கலுக்குப் பொங்கல் பூச்சின் மேல் பூச்சு ஏறும். கிடங்கிலும் எனக்கு முன் வந்தவர்கள் அப்படித்தான் ஏற்றியிருந்தார்கள். அடிப்பூச்சு பிடிப்பு விட்டால் மேலே எத்தனை பூசினாலும் மொத்தமாகத்தான் விழும்.

துணிகளை வெளியேற்றிவிட்டுக் காரை தெரியும்வரை சுரண்டினோம். கோட்டைக்குப்பத்தில் கிளிஞ்சல் சுட்டு எங்களுக்குச் சுண்ணாம்பு தரும் தேசம்மா வந்து, விழுந்த பத்தை ஒன்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இன்னா நைனா, சொவரச் சுரண்டுன்னா அப்பளக் கட்டப் பிரிச்சு வச்சிருக்க?"

துரையின் நாக்கு

சுரண்டிய சுவர் சில நாளிலேயே உப்புப் பூத்தது. எல்லோரும் ஏரியைக் கை காட்டினார்கள். உப்புக் காற்றுக்கு யார் என்ன செய்ய முடியும்? ஆனால் ஏரியைப் பார்த்த வெளிச்சுவர் நன்றாகத்தான் இருந்தது. நடுவில் இருந்த குறுக்குச் சுவர்தான் உரிந்தது. நக்கிப் பார்த்தேன். ஏரி உப்பு கரிக்கும். இது நாக்கைச் சில்லிட வைத்தது. வெடியுப்பு.

சுவருக்கு அந்தப் பக்கம் துரையின் பொறுப்பில் ஒரு பூட்டிய அறை. வெடிமருந்துக்கான வெடியுப்பு மூட்டைகளை அங்கே சுவரோடு சாய்த்து அடுக்கியிருந்தார்கள். துரையின் மூட்டைமேல் குற்றம் சொல்லும் பேச்சைத் தம் வாயால் மாற்றிச் சொல்ல முடியாது என்றார் நாகப்பர். நான் துரைக்குச் சுவரைக் காட்டி, என் நாக்கை நீட்டிக் காட்டினேன். அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு தொப்பியைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டுக் குனிந்தார்.

நாகப்பர் தணிந்த குரலில் சொன்னார்: "தொர நக்குறாரு. அல்லாரும் அந்தாண்ட திரும்புங்க."

ஏணிகள் வந்த நாள்

மூட்டைகள் பலகை மேல் ஏறி, சுவரை விட்டு ஒரு கை தள்ளி நின்றன. சுவரின் இரு பக்கமும் ஈரக் களிமண் அப்பினோம். அது காய்ந்து உப்பை இழுத்துக்கொண்டதும் உரித்தெறிந்துவிட்டு மறுபடி அப்பினோம். நாக்கு சில்லிடுவது நின்ற பிறகுதான் சுண்ணாம்பு. தேசம்மா கிளிஞ்சலை நல்ல தண்ணீரில் அலசிச் சுட்டு, நல்ல தண்ணீரிலேயே நீற்றித் தந்தாள். ஒவ்வொரு முறையும் சுவரை நனைத்து, பால்போல மெல்லிசாக அடித்து, காயவிட்டோம். கடைசிப் பூச்சில் கஞ்சி சேர்த்தோம்.

மழை வந்தது, போயிற்று. கப்பல் வந்த அன்று துரை தம் கறுப்புச் சட்டையோடு சுவரில் முதுகைத் தேய்த்துவிட்டுத் திரும்பி நின்றார். ஒரு பொட்டு வெள்ளை இல்லை. ஒல்லாந்தர் கட்டடங்கள் எல்லாம் இனி எங்களுக்கே என்று நாகப்பர் மாற்றிச் சொன்னார். அந்த ஒரு வாக்கியத்தை அவர் தயங்காமல் சொன்னார். அப்போதுதான் சென்னப்பட்டணத்து மேஸ்திரி ஆட்களோடும் ஏணிகளோடும் வந்து இறங்கினார். சுவரைத் தட்டினார், நகத்தால் கீறினார், என்னை மேலும் கீழும் பார்த்தார். "இத்தினி தூரம் ஏணி தூக்கினு வந்துட்டேன். உரியிற சொவரு ஒண்ணாவது காட்டுப்பா."

இன்றும் இந்த ஊரில் சுவர் உரிந்தால் எல்லோரும் ஏரியைத்தான் திட்டுகிறார்கள். நான் பக்கத்து அறைச் சாவியைக் கேட்கிறேன், பாதி வீடுகளில் உடனே பேச்சை மாற்றிவிடுகிறார்கள்.