கிரிமுந்தூவின் பச்சை முத்திரை

வஃபியா ஒரே ஆளை இரண்டு முறை கல்யாணம் செய்துகொண்டவள். முதல் முறை பதினெட்டு வயதில், ஷகீப் அழகாகப் பேசுகிறான் என்பதற்காக. பேசுவதைத் தவிர அவன் வேறெதுவும் செய்வதில்லை என்று புரிய ஆறு வருடம் பிடித்தது, விலகிவிட்டாள். பிறகு தீவில் மிச்சமிருந்த ஆண்களை ஒரு சுற்றுப் பார்த்தாள். அவர்களுக்குப் பேசக்கூட வரவில்லை. மறுபடி ஷகீபையே கட்டிக்கொண்டாள். மாலத்தீவின் தென்கோடியில் இதற்கெல்லாம் யாரும் மூக்கில் விரல் வைப்பதில்லை.

ஷகீப் சூரை மீன் தோணியில் பங்கு போட்டான். அலை ஒத்துக்கொள்ளவில்லை என்று கரையிலேயே நின்றான். கோழி வளர்த்தான், கோழிகள் அவன் சொன்ன திட்டப்படி வளராமல் செத்தன. போன் ரிப்பேர் கடை வைத்தான். உள்ளே போன போன் எதுவும் வெளியே வரவில்லை. கடைசியில் அவன் கையெழுத்தைப் பார்த்தாலே வங்கிக்காரர்கள் சிரிக்கும் நிலை வந்தது. அதனால், கிரிமுந்தூ என்ற ஆளில்லாத தீவைக் குத்தகைக்கு விடுகிறார்கள் என்று தெரிந்ததும் அவன் சமையலறை வாசலில் வந்து நின்றான்.

"உன் பேர்ல எடுப்போம். பேருக்குத்தான் உன் பேரு."

"இத்தனை வருஷமா என் பேரு வேற எதுக்கு இருந்துச்சு?" என்றாள் வஃபியா. ஆனாலும் கையெழுத்துப் போட்டாள்.

கிரிமுந்தூ சின்னத் தீவு. வாயில் போட்ட வெற்றிலை சிவப்பதற்குள் சுற்றி வந்துவிடலாம். ஷகீப் அங்கே ஆறு குடிசைகள் போட்டான். போட்டான் என்பது பேச்சு வழக்கு. போட்டவன் மொஃபீஸ், வங்காளதேசத்துக்காரன், நாற்பது வயதுக்காரன். கம்பம் நட்டவன், கூரை வேய்ந்தவன், கிணறு தோண்டியவன் எல்லாம் அவனே. ஷகீப் நிழலில் நின்று "இன்னும் கொஞ்சம் இடதுபக்கம்" என்று சொல்லிக்கொண்டிருந்தான். ஜெனரேட்டருக்கு வைத்திருந்த காசைத் தலைநகரத்தில் ஒரு பெயர்ப்பலகைக்காரனிடம் கொடுத்துவிட்டு வந்தான். பலகையில் ஆமை ஒன்று சிரித்தது.

முதல் விருந்தாளிகள் ஒரு ஜெர்மன் தம்பதி. குடிசைக்குள் போய் சுவரெல்லாம் தடவிப் பார்த்துவிட்டு, விளக்கு சுவிட்ச் எங்கே என்று கேட்டார்கள். ஷகீபுக்கு வியர்த்தது. ஆனால் வாய் அவனைக் கைவிட்டதே இல்லை.

"இந்தத் தீவுல மின்சாரம் கிடையாது. அது எங்க கொள்கை" என்றான்.

அந்த அம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. அவன் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு நெடுநேரம் விடவில்லை.

ஷகீப் சமையலறைக்கு ஓடிவந்தான். "பார்த்தியா? அழுதுட்டாங்க!"

"நானுந்தான் ரெண்டு வாரமா அழறேன், விறகுப் புகையில. எனக்கு எவனும் கை குடுக்கல."

அன்றிலிருந்து கிரிமுந்தூவில் இல்லாதது எல்லாம் கொள்கையானது. வெந்நீர் இல்லை: கொள்கை. கறி, முட்டை ஏற்றிய தோணி வரவில்லையா, மீன் மட்டுமே உண்பது கொள்கை. கூரை ஒழுகினால் இயற்கையோடு வாழ்வது. வெறும் ஏழ்மையாக இருந்த காலத்தில் யாரும் திரும்பிப் பார்க்காததை, மேலே ஓலை வேய்ந்து கீழே மணல் பரப்பி வைத்ததும், பெரிய ஹோட்டல் வாடகை கொடுத்துத் தங்க ஆள் வந்தது.

வந்தவர்களை வஃபியாவால் ஒரு நாளும் மதிக்க முடியவில்லை. இரண்டு விமானமும் ஒரு வேகப்படகும் மாறி வந்து இறங்கி, மூங்கில் பிரஷ்ஷால் பல் விளக்கிவிட்டு, உலகத்தைக் காப்பாற்றிய முகத்தோடு காலை உணவுக்கு உட்காருவார்கள். தேங்காயும் சூரை மீனும் பிசைந்த மாஸ் ஹுனியைப் படம் பிடித்து முடிப்பதற்குள் ரொட்டி ஆறிவிடும். ஒருவர் தேங்காயைக் கையில் உருட்டிப் பார்த்து, இதற்கு ரசாயன மருந்து அடித்தீர்களா என்று கேட்டார்.

"தென்னைக்கு மருந்து வாங்கற அளவுக்கு எங்க தீவுல எவன்கிட்ட காசு இருக்கு? மனுசனுக்கே மருந்து இல்ல" என்றாள் வஃபியா. ஷகீப் அதை வேறு எதுவாகவோ மொழிபெயர்த்தான். அவர் நெஞ்சில் கை வைத்து வணங்கினார்.

ஒருத்தி தான் மிதித்துவிட்ட நண்டுக்காக அரை நாள் அழுதாள். சாப்பாட்டுக்கு வந்தவள் பொரித்த மீன் மூன்று துண்டு கேட்டு வாங்கித் தின்றாள்.

இரண்டாம் வருடம் ஷகீபின் வயிறு முன்னே வந்தது. ஜெனரேட்டர் வாங்கினான். கிழக்குக் கரையில் அலை ஓயாமல் இரையும் இடமாகப் பார்த்து, தாழம்புதருக்குள் மறைத்து வைத்தான். ஒரு வயர் மீன் வைக்கும் குளிர்பெட்டிக்கு. இன்னொன்று அவன் அலுவலகத்தில் மாட்டிய ஏசிக்கு. கொள்கை விருந்தாளிகளுக்குத்தான், முதலாளிக்கு இல்லை. மழைநீர்த் தொட்டி வெடித்தபோது அதைப் பூசவில்லை. பெட்டி பெட்டியாக பாட்டில் தண்ணீர் வரவழைத்து, கண்ணாடிக் கூஜாக்களில் ஊற்றி, 'கிரிமுந்தூ மழைநீர்' என்று சீட்டு ஒட்டினான். குடித்தவர்கள் கண்ணை மூடி, "வானத்தின் சுவை" என்றார்கள். காலி பாட்டில்களைச் சாக்கில் அடைத்து, கல் போட்டுக் கட்டி, பவளப்பாறை விளிம்பில் இறக்கிவிடுவது மொஃபீஸின் வேலை.

வஃபியாவுக்கு இதெல்லாம் தெரியும். தெரிந்தும் சமைத்துக்கொண்டிருந்தாள். எல்லாரையும் கேவலமாக நினைக்கத் தெரிந்தவர்களுக்கு ஒரு சௌகரியம் உண்டு. எதையும் தடுத்தாக வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றுவதில்லை.

மூன்றாம் வருடம் ஷகீபுக்குப் பச்சை முத்திரை ஆசை வந்தது. சுற்றுச்சூழலைக் கெடுக்காத விடுதிகளுக்கு வெளிநாட்டு அமைப்பு ஒன்று தரும் முத்திரை அது. சோதித்துப் பார்க்க யூஸ்ட் என்ற டச்சுக்காரர் வந்தார். நெட்டையானவர், கையில் தடித்த கோப்பு. ஜெனரேட்டர் நின்றது, ஏசி அறைக்குப் பூட்டு விழுந்தது. ஷகீப் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு நடந்தான். இரண்டு நாளில் முள் குத்தி நொண்டினான்.

மூன்றாம் நாள் நண்பகலில் கடல் ஏறியது. தென்மேற்குக் காற்றுக் காலத்தில் அப்படி வருவதுண்டு. புயல் இருக்காது, மழை இருக்காது, கடல் மட்டும் தூங்கி எழுந்தவன்போல நிமிர்ந்து தீவுக்குள் வரும். குடிசைகளில் முழங்கால் அளவு தண்ணீர். வஃபியா அரிசி மூட்டைகளைத் தூக்கி மேடையில் போட்டாள். ஒரு மணி நேரத்தில் தண்ணீர் வடிந்தது. வடிந்த இடமெல்லாம் பாட்டில்கள். நூற்றுக்கணக்கில், ஒரே நீலச் சீட்டு ஒட்டிய பாட்டில்கள். கிழிந்த சாக்குகளும் கூடவே வந்திருந்தன.

ஷகீப் துளியும் தயங்கவில்லை. "பார்த்தீங்களா சார், இதான் எங்க துயரம்! இந்தியாவுல குடிச்சுட்டு வீசறான், இலங்கையில குடிச்சுட்டு வீசறான். கடல் எங்ககிட்ட கொண்டாந்து கொட்டுது!"

யூஸ்ட் ஒன்றைக் குனிந்து எடுத்தார். சீட்டில் திவேஹி எழுத்து. "இது உங்கள் எழுத்து இல்லையா?" என்றார்.

ஷகீபின் கண்கள் சுற்றிவந்து, குப்பை அரித்துக்கொண்டிருந்த மொஃபீஸ்மேல் நின்றன. "இவன் வேலை சார் இது! எனக்குத் தெரியாம பண்ணியிருக்கான். இந்தப் பசங்களுக்கு என்ன சொன்னாலும் ஏறாது. நாளைக்குப் படகுலயே ஊருக்கு அனுப்பிடறேன்."

மொஃபீஸுக்கு ஆங்கிலம் புரியும். குப்பைவாரியை மரத்தில் சாய்த்து வைத்துவிட்டு, கைகளைத் துடைத்துக்கொண்டான். போகச் சொன்னால் போகிறவன் செய்வதுபோல அவ்வளவு ஒழுங்காக அதைச் செய்தான்.

வஃபியாவுக்கு அதைத்தான் பொறுக்க முடியவில்லை. அவள் நீள அங்கி முழங்கால்வரை சேறாக இருந்தது. அப்படியே வந்து டச்சுக்காரர் முன் நின்றாள். அவளுக்குத் தெரிந்தது சமையலறை ஆங்கிலம். அது போதுமானதாக இருந்தது.

"கட்டிப் போட்டது இவன். போடச் சொன்னது அவன். நீங்க மூணு நாளாக் குடிச்ச மழைத்தண்ணி இந்த பாட்டில் தண்ணிதான். ஜெனரேட்டர் தாழம்புதர்ல இருக்கு. வாங்க, காட்டறேன்."

"வஃபியா! வாயை மூடு!"

"உன் வாய் திறந்தே கெடந்ததுல வந்த வினை இது."

காட்டினாள். புதரைக் காட்டினாள், வெடித்த தொட்டியைக் காட்டினாள், பூட்டைத் திறந்து ஏசி அறையைக் காட்டினாள். ஜெனரேட்டரையும் ஓடவிட்டாள், அறை குளிர்ந்தது. யூஸ்ட் அங்கேயே உட்கார்ந்து முக்கால் மணி நேரம் குறிப்பு எழுதினார். எழுத அவ்வளவு இருந்ததா, குளிர்ச்சி பிடித்திருந்ததா என்று வஃபியாவுக்குத் தெரியவில்லை.

அவர் போன பிறகு அவள் ஷகீபிடம் சொன்னாள்: "மொஃபீஸ் எங்கயும் போகமாட்டான். குத்தகை என் பேர்ல இருக்கு. போறதுன்னா நீ போ."

"புருஷனை விரட்டறியா? அதும் ஒரு வேலைக்காரனுக்காக!"

"அவனுக்காக இல்ல. மூணு வருஷமா பார்த்துக்கிட்டே இருந்தேன் பாரு, அந்த அசிங்கத்துக்காக."

தீவு நீதிமன்றத்தில் எழுத்தர் அவர்களுடைய பழைய விவாகரத்துக் கோப்பையே தூசி தட்டி எடுத்தார். "மறுபடியுமா அக்கா?"

"எழுதுப்பா. ரெண்டாவதுன்னு போடு."

அடுத்த மாதம் தபால் வந்தது. கிரிமுந்தூவுக்குப் பச்சை முத்திரை, இரண்டாம் தரம், 'முன்னேற்றத்துக்கு இடமுண்டு'. கேள்விப்பட்ட ஷகீப் கரைப்பாலத்தில் வந்து நின்று கத்தினான்: "நீ காட்டிக் குடுத்தும் குடுத்துட்டாங்க பாரு! என் உழைப்பு அது!" வஃபியா கடிதத்தை இன்னொரு முறை படித்தாள். கேவலமானவர்கள் கணக்கில் அதுவரை முத்திரை கொடுக்கிறவர்களைச் சேர்க்காமல் விட்டது அவளுக்குச் சின்னப் புத்தியாகத் தோன்றியது. முத்திரையை அவள் மாட்டவில்லை.

இப்போது தீவை அவள் நடத்துகிறாள். ஜெனரேட்டர் சமையலறைக்குப் பக்கத்தில், எல்லார் கண்ணிலும் படும்படி நிற்கிறது. பகலில் சில மணி நேரம் ஓடும். ஏசியை விற்றுத் தொட்டியைப் பூசினார்கள். மழை பெய்தால் மழைநீர். பெய்யாவிட்டால் பெரிய கேனில் வாங்கிய தண்ணீர், வாங்கிய தண்ணீர் என்று சொல்லியே கொடுக்கிறாள். வருகிறவர்கள் பாதியாகக் குறைந்துவிட்டார்கள். வந்தவர்களில் ஒருவர், இந்த இரைச்சல் அமைதியைக் கெடுக்கிறது என்றார்.

"இத நிறுத்தினா மீன் கெடும். அப்புறம் இரைச்சல் உங்க வயித்துலதான் வரும். எது வேணும்?" என்றாள். அவர் இன்னும் நான்கு நாள் தங்கினார். ஏன் தங்கினார் என்று அவள் கேட்கவில்லை. அவர்களைப் புரிந்துகொள்ளும் உத்தேசம் அவளுக்கு இன்றும் கிடையாது.

ஷகீப் யாருடைய வேகப்படகையோ ஓட்டுகிறான். மாதத்துக்கு இரண்டு முறை விருந்தாளிகளைக் கொண்டுவந்து இறக்குகிறான். வழியெல்லாம் தான் உண்டாக்கிய தீவு என்று சொல்லிக்கொண்டே வருவான் போலிருக்கிறது, இறங்குகிறவர்கள் அவனுக்குக் கைகொடுத்துவிட்டுத்தான் இறங்குகிறார்கள். வஃபியா அவனுக்கு ஒரு தட்டு சோறும், கருதியா என்கிற சூரை மீன் சாறும் வைக்கிறாள், படகோட்டிக்கு வைக்கிற அளவு.

வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்த பிறகு அவளும் மொஃபீஸும் பாறை விளிம்புக்குத் தோணியில் போவார்கள். அவன் முங்கிச் சாக்குகளில் கயிறு கட்டுவான், அவள் இழுப்பாள். முதல் ஆறு மாதத்தில் நாற்பதுக்கு மேல் ஏற்றிவிட்டார்கள். பிறகு ஒரு நாள் மேலே வந்த அவன் காதிலிருந்து ரத்தம் வந்தது.

"இன்னும் பத்துப் பன்னிரண்டு இருக்கு அக்கா. ரொம்ப ஆழம்."

"விடு. காது முக்கியம்."

அவை அங்கேயே கிடக்கின்றன. அந்தப் பக்கம் நீந்திவிட்டு வருகிறவர்கள், கீழே ஏதோ வெள்ளையாகத் தெரிகிறதே, அது என்ன என்று கேட்பதுண்டு. அவள் சொல்லிவிடுகிறாள்.