பின்னால் ஒரு ஆட்டோ, பையில் ஒரு மெழுகுவர்த்தி

போன ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரை மணி. ராயபுரம் சர்ச் வாசலில் பதினோரு பேர் நிற்கிறோம். எல்லார் தலையிலும் மஃப்ளர். மார்கழியாம், குளிராம்! ஊட்டிக்காரன் பார்த்தால் விழுந்து விழுந்து சிரிப்பான்.

எங்கள் நடைக் கோஷ்டியைப் பற்றி இந்தப் பக்கத்தில் ஏற்கனவே புலம்பியிருக்கிறேன். இந்த முறை திட்டம் கொஞ்சம் பெரிசு. பழைய சர்ச்சுகள், பழைய பாலங்கள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே எண்ணூர் முகத்துவாரப் பாலம் வரைக்கும் நடை. பதிமூன்று கிலோமீட்டர் சொச்சம்.

பதினோரு பேருக்குப் பின்னால் ஒரு ஆட்டோ, ஃபர்ஸ்ட் கியரில் உருண்டு வருகிறது. உள்ளே தனம்.

தனம் யாரா? என் நண்பர் செங்குட்டுவனின் மனைவி. செங்குட்டுவனுக்கு ஹார்பரில் கிரேன் ரிப்பேர் வேலை. எட்டு மாசத்துக்கு முன்னால் பைபாஸ் ஆபரேஷன். அன்றிலிருந்து தனம் அவரை மாடிப்படி ஏற விட்டதில்லை, ஒரு குடம் தண்ணீர் தூக்க விட்டதில்லை. "நல்லா நடக்கலாம், ஓடத்தான் கூடாது" என்று டாக்டர் சொன்னதை அந்தம்மா காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. மடியில் ஹேண்ட்பேக். அதற்குள் விருப்ப ஓய்வு ஃபார்ம். கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

"இந்தா பாருய்யா. பாலம் வரைக்கும் உன் கால்லயே நடந்துட்டேன்னா நாளைக்கே டூட்டில சேந்துக்கோ, நான் வாயத் தொறக்க மாட்டேன். நடுவுல ஆட்டோல ஏறினே... அங்கியே கையெழுத்து!"

வேலையை விட்டால் அந்த மனுஷன் வீட்டில் உட்கார்ந்து என்ன செய்வார்? ஃபேனைக் கழற்றிக் கழற்றி மாட்டுவார். கிரேன் சத்தம் கேட்காமல் அவருக்குத் தூக்கமே வருவதில்லை.

இன்னொரு விஷயம். செங்குட்டுவன் பகுத்தறிவுக்காரர். முப்பது வருஷமாகக் கறுப்புச் சட்டைதான். ஆபரேஷனுக்கு அப்புறம் தாடி வேறு. மார்கழி மாசத்தில் கறுப்புச் சட்டையும் தாடியுமாக ஒருத்தர் கூட்டத்தோடு நடந்து வந்தால் நம்ம ஜனங்கள் என்ன நினைப்பார்கள்?

கல்மண்டபம் டீக்கடையிலேயே ஆரம்பித்துவிட்டது. "இரு சாமி, உனுக்கு கிளாஸ வெந்நீர்ல கழுவிட்டுத் தரேன்."

"நான் சாமி இல்லய்யா!" என்று கத்தினார் செங்குட்டுவன்.

"மாலை போட்டுகினு கோவப்படக் கூடாது சாமி" என்றார் டீக்கடைக்காரர், பொறுமையாக. நாங்கள் பத்துப் பேரும் டீயைத் துப்பாமல் முழுங்கப் பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும்.

காசிமேட்டில் ஒரு மீன்காரம்மா கூடையோடு குறுக்கே வந்து நின்றார். நெற்றி நிறையக் குங்குமம். "எங்க சாமி, கூட்டமா?"

நான் சும்மா இருந்திருக்கலாம். எண்ணூர், பாலம், போகிற வழியில் மாதா கோயில் என்று ஒப்பித்துவிட்டேன். அவ்வளவுதான், அந்தம்மா ஓடிப்போய்ப் பெட்டிக்கடையில் ஒரு மெழுகுவர்த்தி வாங்கி வந்து செங்குட்டுவன் கையில் திணித்தார்.

"என் பொண்ணு பிரசவத்துக்கு ஆஸ்பத்திரில கீது. நேத்துலேந்து வலி. இந்தக் கூடைய காலி பண்ணிட்டு நான் அங்கதான் ஓடணும். எண்ணூர் மாதாவாண்ட இத்த ஏத்திடு சாமி. நடந்தே போயி ஏத்து. வண்டில ஏறிடாதே, பலிக்காது."

செங்குட்டுவன் வாயைத் திறந்தார். அந்தம்மா முகத்தைப் பார்த்தார். மெழுகுவர்த்தி சட்டைப் பைக்குள் போனது.

அப்புறம் நடை... நடை... ஒரு பக்கம் கன்டெய்னர் லாரி வரிசை, இன்னொரு பக்கம் கடல். கால்வாய்ப் பாலம் வந்தது, போனது. இன்னும் எவ்வளவு தூரம் என்று யாரைக் கேட்டாலும் ஒரே பதில்: "தோ கீது!" வடசென்னையில் டெல்லியே "தோ கீது"தான்.

திருவொற்றியூர் தாண்டியதும் செங்குட்டுவன் கடலோரப் பாறை மேல் உட்கார்ந்துவிட்டார். ஆட்டோவிலிருந்து தனம் குதித்து ஓடி வந்தார். "நெஞ்சு வலிக்குதா?"

"நெஞ்சு நல்லாத்தான் கீது. காலுதான் வர மாட்டேங்குது."

"போதும்யா, ஏறு" என்றார் தனம். குரலில் அதட்டல் இல்லை, பயம்தான் இருந்தது. ஆட்டோக்காரரும் கெஞ்சினார். "ஏறிடு மாமு. ஃபர்ஸ்ட் கியர்லயே வந்து என் கிளட்ச் பூட்ச்சி!"

செங்குட்டுவன் ஆட்டோவைப் பார்த்தார். ஹேண்ட்பேக்கைப் பார்த்தார். சத்தியமாகச் சொல்கிறேன், அவர் ஏறிவிடுவார் என்றுதான் நினைத்தேன். கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது.

"அந்தப் பொண்ணு வலில துடிச்சிகினு கீது. நான் கால் வலின்னு ஏறினா நல்லாவா இருக்கும்?"

எழுந்துவிட்டார்!

எண்ணூரில் அந்தச் சின்ன மாதா கோயில் வாசலில் கடல் காற்று மூன்று தீக்குச்சியை அணைத்தது. நான்காவதில் பற்றிக்கொண்டது. முப்பது வருஷக் கறுப்புச் சட்டை ஒரு மெழுகுவர்த்தியைக் கை குவித்துக் காப்பாற்றுவதைப் பார்க்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும். கிண்டல் பண்ண வாயெடுத்தேன். முறைத்தார்.

"நம்பிக்கை அவங்களுது. நடந்தது நானு. திரும்பிப் போகும்போது காசிமேட்டு மார்க்கெட்ல எறங்கி, பொண்ணு எப்டி கீதுன்னு கேக்கணும்."

அரை மணியில் பாலம். நட்ட நடுவில் நின்று, இரண்டு கையையும் தூக்கி, "ஓஓஓ" என்று ஒரு கத்து கத்தினார் பாருங்கள்! நாங்களும் சேர்ந்து கத்தினோம். கீழே படகில் வலை இழுத்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து, "இன்னா நைனா, எலெக்‌ஷன்ல கெலிச்சியா?" என்றார். அதைவிடப் பெரிசு என்று கத்தினேன்.

தனம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, டீக்கடையில் சுடச்சுட வாங்கிய மசால் வடையை ஆளுக்கு இரண்டாகக் கொடுத்துக்கொண்டே வந்தார். எங்களுக்கெல்லாம் பழைய நியூஸ்பேப்பரில். செங்குட்டுவனுக்கு மட்டும் ஏதோ வெள்ளைத் தாளில்.

அவர் பிரித்துப் பார்த்தார். விருப்ப ஓய்வு ஃபார்ம்.

"வேற பேப்பரே கெடைக்கலியா?"

"கெடைச்சிது" என்றார் தனம். "ஆறிடப் போவுது, சாப்புடு."

எண்ணெய் ஊறின ஃபார்மை எந்த ஆபீசிலும் வாங்க மாட்டார்கள், தெரியுமில்லையா?