கவிச்சிக்கு வைத்திருந்த மீன்

ஒரு மீனைத் தண்ணீரில் மெதுவாக இறக்கி, வாலில் ஒரு தட்டு தட்டி, "போ, போய்ப் பொழச்சுக்கோ" என்று வழியனுப்பும் வீடியோ ஒன்று போன டிசம்பரில் எங்கள் மலை முழுக்கச் சுற்றியது. பிரிஞ்சாங் பசார் மாலாம் இரவுச் சந்தையில் சோளம் விற்கும் பெண்கூட அதை என்னிடம் காட்டினாள். "எவ்ளோ நல்ல மனசு பாருங்க அங்கிள்." பார்த்தேன். அந்த நல்ல மனசு எங்கள் வாத்தியாருடையது. மீன் என்னுடையது. கடைத் தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைப்பது என்பார்கள். அதைப் படமும் பிடித்து ஊருக்கு அனுப்பினால் இப்படித்தான் இருக்கும்.

முழுக்கச் சொன்னால்தான் என் வயிற்றெரிச்சல் உங்களுக்குப் புரியும்.

நான் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து லோரி ஓட்டுகிறேன். எங்கள் ஊரில் குளிர்காலம் என்பது மழையும் மூடுபனியும்தான். காயப்போட்ட சட்டை மூன்று நாளானாலும் ஈரமாகவே இருக்கும். அந்த மாதங்களில்தான் நாங்கள் நாலு பேர் மீனுக்குப் போவோம்: நான், தோட்டத்து ஃபேக்டரியில் இயந்திரம் பார்க்கும் பிட்டர், அதே ஃபேக்டரியில் கொழுந்து வாட்டும் மாடியில் வேலை செய்த அண்ணன், கிள்ளானிலிருந்து எங்கள் தமிழ்ப்பள்ளிக்கு மாற்றலாகி வந்த வாத்தியார். பிட்டர் எனக்கு மச்சான் முறை. அண்ணன் என்பது உறவுமுறை இல்லை. தோட்டத்தில் எல்லாருக்கும் அவர் அண்ணன்தான்.

ரிங்லெட்டுக்குக் கீழே, தோட்டத்தின் கடைசி டிவிஷன் ஓரத்தில் பழைய தண்ணீர்க் குளம் ஒன்று இருக்கிறது. யாரோ தாப்பாவிலிருந்து பாஸ் மீன் குஞ்சு கொண்டுவந்து அதில் விட்டிருக்கிறார்கள். வாலடியில் மயிலிறகுக் கண்போல ஒரு புள்ளி இருக்கும் மீன். அதற்குக் குளிர் ஆகாது. குளிர்காலத்தில் அடியில் போய் மாமியார் வீட்டு மாப்பிள்ளை மாதிரி அசையாமல் கிடக்கும். உச்சி வேளையில் கொஞ்சம் வெயில் எட்டிப் பார்த்தால் மட்டும் மேலே வரும். அந்தக் கொஞ்ச வெயிலுக்காகக் காலையிலிருந்து நனைந்துகொண்டு நிற்பது எங்களுக்குச் சந்தோஷம். "நனையறவனுக்கு மீனு, குடை புடிக்கிறவனுக்குச் சளி" என்பார் அண்ணன். நனைந்தும் அவருக்குச் சளிதான் பிடிக்கும். அதையும் சொல்லிச் சிரிப்பார்.

எங்களுக்குள் ஒரு கட்டுப்பாடு உண்டு. தூண்டிலைக் கையில் எடுத்த பிறகு, யாருக்காக மீன், எதற்காக மீன் என்று வாயைத் திறந்து சொல்லக்கூடாது. பிள்ளைத்தாச்சிக்கு ஆசையாக இருந்தாலும் சரி, காய்ச்சல்காரனுக்குச் சூப் வைக்க இருந்தாலும் சரி, சொன்னால் மீன் கடிக்காது. வழியில் யாராவது எங்கே என்று கேட்டால் "சும்மா" என்போம். "சும்மாவா போறீங்க, தூண்டிலோட?" என்று லயத்துப் பெண்கள் கேலி பண்ணுவார்கள். அதற்கும் பதில் சும்மாதான்.

நவம்பர் கடைசியில் அண்ணன் செத்துப்போனார். நெஞ்சு வலி. வேறென்ன சொல்ல.

காரியம் முடியும்வரை அந்த வீட்டில் கவிச்சி கிடையாது. மீனோ கறியோ உள்ளே வராது. பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள்தான் கவிச்சி சமைத்து, செத்தவர் படத்துக்கு முன்னால் படைத்துவிட்டு, எல்லாரும் சாப்பிட்டுத் துக்கத்தை இறக்கிவைப்பார்கள். அதற்கு வேண்டியதை வெளியிலிருந்து உரிமைப்பட்டவர்கள் கொண்டுவர வேண்டும். நானும் மச்சானும் கோழி வாங்கித் தருகிறோம் என்று அண்ணியிடம் போய்ச் சொன்னோம். அண்ணி வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டது.

"கோழி யார் வேணும்னாலும் வாங்குவாங்க தம்பி. உங்க அண்ணன் போய் நிப்பாருல்ல, அந்தக் கொளத்து மீனு. ஒண்ணே ஒண்ணு போதும். நான் வேற ஒண்ணும் கேக்கல லா."

அண்ணி யாரிடமும் எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. உப்புக்கூடப் பக்கத்து வீட்டில் கேட்காது.

வாத்தியார் அப்போது பள்ளி விடுமுறைக்குக் கிள்ளான் போயிருந்தார். காரியத்தன்றுதான் வந்தார். காரியம் முடிந்த கையோடு எங்களோடு குளத்துக்குக் கிளம்பினார். காலையெல்லாம் தூறல். எதிர்க்கரை தெரியாத பனி. உச்சிக்கு மேல் மேகம் கொஞ்சம் கிழிந்தது. என் தூண்டில் வளைந்தது. எத்தனையோ வருசம் அண்ணன் நின்ற கல்லின் மேல்தான் நான் நின்றிருந்தேன், மீனும் நல்ல மீன். கை விறைத்துப்போய்ச் சுற்றவே முடியவில்லை. வாத்தியார் முழங்கால் தண்ணீரில் இறங்கி வலையில் அள்ளினார். நான் வாளியை எடுக்க மேட்டில் நிறுத்தியிருந்த மோட்டார் சைக்கிளுக்கு ஓடினேன்.

திரும்பி வந்தபோது வாத்தியார் குந்தியிருந்தார். போனைக் கல்லில் சாய்த்து வைத்திருந்தார். கை காலியாக இருந்தது.

"மீன் எங்க சார்?"

"விட்டாச்சுண்ணே." முகமெல்லாம் சிரிப்பு. "சூப்பரா போச்சு. வீடியோவும் குரூப்ல போட்டாச்சு, காட்டவா?"

"எங்க விட்டீங்க?"

"தண்ணியிலதான்."

மேட்டில் சிகரெட் பற்றவைத்துக்கொண்டிருந்த மச்சான், "பின்ன என்ன, தாமான் வீட்டுலயா கொண்டுபோய் விடுவாரு" என்றான். பிறகுதான் அவனுக்கே உறைத்தது. சிகரெட்டைக் கீழே போட்டான்.

"இப்பல்லாம் அப்படித்தாண்ணே," என்றார் வாத்தியார். "புடிக்கணும், படம் எடுக்கணும், விட்டுறணும். அதுவும் உயிருதான லா."

"அந்த உயிரத்தான் அண்ணி நாளைக்குக் கொழம்புல எதிர்பாத்துக்கிட்டு இருக்கு சார்."

அவர் முகம் சுருங்கிப்போனது. "கோழின்னுல்ல நெனச்சேன். யாருமே என்கிட்ட சொல்லலியே."

"சொல்லக்கூடாது சார். மூணு வருசமா எங்ககூட வர்றீங்க. தெரியாதா?"

"சொல்லக்கூடாதுன்னு தெரியும்ணே. எதச் சொல்லக்கூடாதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

மச்சான் சிரித்துவிட்டான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இன்றுவரை வரவில்லை.

அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது என்று மச்சான் சொல்கிறான். இருக்கட்டும். சொல்லவில்லை என்பது வேறு, கேட்கவில்லை என்பது வேறு. இன்னொருத்தன் கொக்கியில் மாட்டிய மீனை, அவன் வாளி எடுத்து வருவதற்குள் தானம் பண்ண யார் அதிகாரம் கொடுத்தது? ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்றுதான் நம் ஆட்கள் சொல்லி வைத்திருக்கிறார்கள். அதிலும் விட்டதுதான் எந்த மீனை? குளத்தில் ஏற்கெனவே இருந்த குட்டி மீனையெல்லாம் தின்று தீர்த்த ரவுடியை. உயிர்மேல் இரக்கம் என்றால் அது தின்ற உயிருக்கெல்லாம் யார் வீடியோ எடுத்தது? மழைக்கு மழை மலையை வெட்டிய சேறு இறங்கி ஓடையெல்லாம் பால் தேநீராக, டே தாரிக் நிறத்தில் ஓடுகிறதே, எத்தனை மீன் அதில் மூச்சு முட்டிச் சாகிறது, அதன் பக்கம் ஒரு போனும் திரும்பவில்லை. ஒரு மீனைத் தட்டிக்கொடுத்தால் போதும், கை தட்ட நாடே இருக்கிறது. பதினாறு நாள் புளிரசம் சாப்பிட்ட ஒரு பொம்பளை கேட்ட ஒரே மீன் அது என்று அந்த வீடியோவில் எங்கேயும் எழுதவில்லை.

நாங்கள் மறுபடியும் தூண்டில் போட்டோம். வாத்தியாரும் போட்டார். மேகம் மூடிக்கொண்டது. மழை கனத்தது. அந்த ரவுடி அடியில் எங்கேயோ பத்திரமாகப் படுத்திருந்தது. வெளிச்சம் குறைந்ததும் கிளம்பினோம். "நான் பாத்துக்கறேண்ணே" என்று முனகிவிட்டு வாத்தியார் தன் காரில் ஏறிப் போனார். பார்க்க இனி என்ன இருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் அண்ணி வீட்டுக்குப் போனால், மிளகாய் அரைத்துத் தயாராக இருக்கிறது. புளி ஊறுகிறது. அண்ணி என் கையைப் பார்த்தது. வெறும் கை. பிறகு வாசலைப் பார்த்தது, மச்சான் கையில் இருக்குமோ என்று. அவனும் வெறும் கை. ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை. கம்போங் ராஜாவிலிருந்து வந்த சொந்தக்காரர்கள் வேறு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நடந்ததைச் சொன்னேன். வாத்தியார் பேரை மட்டும் நல்ல வார்த்தையில் சொல்ல முடியவில்லை.

பன்னிரண்டு மணி சுமாருக்கு அவர் கார் வந்து நின்றது. கண்ணெல்லாம் சிவந்து, நேற்றைய அதே சட்டையோடு, ஒரு வெள்ளைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஈப்போவுக்கே இறங்கிப் போயிருக்கிறார். பெட்டிக்குள் ஐஸில் இரண்டு மீன், உடம்பெல்லாம் பொட்டுப் பொட்டாக.

"பாஸ் எங்கயுமே கிடைக்கலக்கா. சூப்பர்மார்க்கெட்ல இதான் இருந்துச்சு. ட்ரவுட். குளிர் ஆத்து மீனு."

"எந்த ஊருக் குளிரு?" என்று கேட்டான் மச்சான்.

"நோர்வேன்னு போட்டிருக்கு."

நான் வாயைத் திறந்தேன். அந்தக் குளத்து மீன் என்று கேட்ட வீட்டுக்குக் கப்பலில் வந்த மீனா என்று கேட்கத்தான். அண்ணி அதற்குள் ஒரு மீனைத் தூக்கிப் பார்த்தது. செவுளை விரித்துப் பார்த்தது. அண்ணியின் உதடு துடித்தது. அழப்போகிறது என்று நினைத்தேன்.

"உங்க அண்ணன் இத மட்டும் பாத்திருந்தாருன்னா," என்றது, "நாந்தான் அந்தக் கொளத்துல புடிச்சேன்னு தோட்டம் பூரா சொல்லிருப்பாரு."

கூடத்தில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். வாத்தியார் மட்டும் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதார். அண்ணி அவரை உள்ளே கூப்பிட்டு, "தேங்கா துருவத் தெரியுமா சார்?" என்றது.

புளியும் மிளகாயும் தூக்கலாகக் குழம்பு கொதித்தது. படத்துக்கு முன்னால் இலை போட்டு, தலைப்பக்கத்துத் துண்டை வைத்து, சூடம் காட்டி, பிறகு எங்களுக்கும் பரிமாறினார்கள். வாத்தியார் எனக்கு எதிரில் உட்கார்ந்தார். நான் அவரைப் பார்க்கவில்லை. மீனை வாயில் வைத்தேன். முள் கம்மி, சதை மெத்தென்று இருந்தது. அண்ணி கேட்காமலே இன்னொரு துண்டு வைத்தது, வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. மீன் ருசியாக இருந்தது. அதற்கும் சேர்த்து எனக்கு அவர்மேல் கோபம் வந்தது.