அக்கா வந்தால் எழுந்து போகிறவன்

போன கிழமை, முன்பு என்னோடு வேலை செய்த அனா ஒரு படம் அனுப்பியிருந்தாள். இங்கே கனடாவில், விட்பியில் அவளுடைய புது வீடு. சோபாவில் அவளும் தம்பி சியோனேயும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து டிவி பார்த்துச் சிரிக்கிறார்கள். இதில் என்ன அதிசயம் என்று நீங்கள் கேட்பீர்கள். நானோ கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் பார்த்தும், இது வேறு யாரோ என்றுதான் நினைத்தேன். சந்தேகம் என்னோடு கூடப்பிறந்தது.

படத்தில் மேசைமேல் ஃபொயிலில் சுற்றிய பொட்டலங்கள். கண்டதுமே அந்தத் தேங்காய்ப்பால் மணம் மூக்கில் ஏறிவிட்டது. இலங்கையில் சண்டை முடிந்த வருடம் ஸ்காபரோவில் ஒரு பேக்கரியில் நாங்கள் ஒன்றாகப் பாண் அடுக்கினோம். அக்காவும் தம்பியும் டோங்கா என்ற தீவுநாட்டுக்காரர். சியோனே சேம்பிலைக்குள் இறைச்சியும் தேங்காய்ப்பாலும் வைத்து அவித்துக்கொண்டு வருவான். ஒரு பொட்டலத்தைச் சாப்பாட்டு மேசையில் அக்கா வழக்கமாக இருக்கும் இடத்தில் வைப்பான். அவள் சாப்பாட்டறைக்குள் காலை வைத்ததும் தன்னுடையதைத் தூக்கிக்கொண்டு எழுந்து போய்விடுவான். கொட்டுகிற பனியில் காருக்குள் இருந்து சாப்பிடுவான்.

ஆண் சமைக்கிறான், அக்கா சாப்பிடுகிறாள், முகம் பார்ப்பதில்லை. எங்களுக்குச் சந்தேகப்பட இது போதாதா? எங்களோடு வேலை செய்த மன்னார் றோஸ் அன்ரி காதுக்குள் சொன்னார்: "உவன் உதுக்குள்ள மருந்து கிருந்து போட்டுக் குடுக்கிறானோ தெரியேல்ல, பிள்ளை."

நான் காணிச் சண்டை என்று முடிவுகட்டியிருந்தேன். அந்த மாதங்களில் எங்களுக்கு எல்லாவற்றிலும் சந்தேகம். செய்தியில், டெலிபோன் இரைச்சலில், சுகம் விசாரிப்பவர்களில். என் தம்பி சண்டை நடந்த வன்னிக்குள் இருந்தான். மாசி மாதத்தோடு அவன் குரல் நின்றுவிட்டது. அதனால் சியோனேயைக் கண்டால் கோபமும் வந்தது. உயிரோடு அக்கா முன்னால் நிற்க, எழுந்து போகிறானே.

ஒருநாள் அனாவையே கேட்டேன். அவள் ஆங்கிலத்தில் சொன்னதை எங்கள் பேச்சில் சொன்னால் இப்படி வரும்: "கோபமோ? உது மரியாதையெல்லோ. எங்கட ஊரில, வளந்த ஆம்பிளை கூடப்பிறந்தவளோட ஒரு அறைக்குள்ள இருக்கமாட்டான். நான்தான் அவனுக்கு மேல. அடுப்பும் அங்க ஆம்பிளையளின்ர வேலைதான்."

ஓம் ஓம் என்று தலையாட்டினேன். ஒரு சொல்லும் நம்பவில்லை. மரியாதைக்காக யாராவது பனியில் போய் இருந்து சாப்பிடுவார்களா?

வைகாசியில் எல்லாம் முடிந்துவிட்டது என்று ரேடியோ சொன்ன நாளும் வேலைக்குப் போனேன். வீட்டில் இருக்கப் பயமாக இருந்தது. சாப்பாட்டறையில் அழுகை வந்துவிட்டது. எதிரில் சியோனே. அனா ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்தாள். அவன் எழுந்தான், கதவுவரை போனான், நின்றான். பிறகு திரும்பி வந்து, எங்களுக்கு முதுகைக் காட்டியபடி அதே அறையில் இருந்தான். மணி அடிக்கும்வரை அசையவில்லை. அன்றைக்குத்தான் அனா சொன்னதை நம்பினேன்.

பேக்கரி இருந்த இடத்தில் இப்போது கொண்டோ மாடிக்கட்டிடம் நிற்கிறது. றோஸ் அன்ரியும் போய்விட்டார். பிள்ளைகள் பகிடி பண்ணுவதால் அனாவும் சியோனேயும் பழைய வழக்கத்தை விட்டுவிட்டார்களாம். சமையலும் இப்போது அவள்தானாம். இதெல்லாம் அனா படத்தின் கீழே எழுதியிருந்தாள். நல்லது என்று பதில் போட்டேன்.

என் தம்பியைக் கண்டதாகச் சிலர் சொன்னார்கள், இல்லை என்றும் சிலர் சொன்னார்கள். இரண்டையும் நான் நம்பவில்லை. அவன் வந்தால் என் பக்கத்தில் இருக்கவேண்டாம். என்னைக் கண்டதும் எழுந்து போகட்டும். போகிற முதுகைப் பார்த்தால் போதும்.