தறிக்குழியில் முளைத்த அவரை

காய்கறிக் கடைக்குப் போகிற வழக்கமே எங்கள் வீட்டில் கிடையாது. அம்மா முசரவாக்கம் என்கிற கிராமத்துக்காரி. காஞ்சிபுரத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்ததும் முதல் வேலையாகப் புழக்கடையைக் கொத்திப் போட்டாளாம். நாலு பாய் விரித்தால் தீர்ந்துபோகிற இடம். அதில் அவரைப் பந்தல், கத்தரி, கீரைப் பாத்தி, சுவரோரம் வாழை. குளித்த தண்ணீர் வாழைக்கு, அரிசி களைந்த தண்ணீர் கீரைக்கு, அடுப்புச் சாம்பல் கத்தரிப் பூச்சிக்கு. பின் தெருவில் ஆடு வளர்க்கிற பாய் வீட்டிலிருந்து ஆட்டுப்புழுக்கை கூடையில் வரும். அதே கூடை அவரைக்காயோடு திரும்பிப் போகும். ஒரு செம்புத் தண்ணீரைத் தெருவில் கொட்டினால் போதும், எங்கள் முதுகு பழுத்துவிடும்.

அப்பாவுக்குப் பட்டுத்தறி. தரையில் குழி வெட்டி, அதற்குள் காலைத் தொங்கவிட்டு மிதித்து நெய்கிற தறி. அவருடைய குழி புழக்கடைச் சுவரை ஒட்டி இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் அம்மாவின் வாழை, இந்தப் பக்கம் அப்பாவின் கால்.

நான் ஒன்பதாவது படித்தபோது அவருக்கு இடது கால் வீங்க ஆரம்பித்தது. காய்ச்சல் வரும், தொடையிடுக்கில் நெறி கட்டும், போய்விடும். வீக்கம் மட்டும் கொஞ்சம் தங்கிவிடும். ஒருநாள் குழிக்குள் கையை விட்டுத் தடவிப் பார்த்தார். மண் சில்லென்று இருந்தது.

"நீ ஊத்தற தண்ணிதான்டி என் கால்ல ஏறிக்கினு இருக்குது," என்றார்.

அம்மா பாத்தியைத் தள்ளிப் போட்டாள். வாழைக்கு ஊற்றுவதை நிறுத்தினாள். வீக்கமோ முழங்காலைப் பிடித்தது.

"எல்லாத்தையும் எடுத்துடுடி. என் காலா, உன் தோட்டமா, நீயே சொல்லு."

இப்படிக் கேட்டால் ஒரு பெண்பிள்ளை என்னதான் சொல்வாள்? இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அம்மா காய்த்துக்கொண்டிருந்த கொடியை வேரோடு பிடுங்கினாள். வாழையைக் கிழங்கோடு தோண்டி எடுத்தாள். அதில் ஒன்று குலை தள்ளியிருந்தது. புழக்கடை மொட்டையாக வெயிலில் கிடந்தது. அதன் பிறகு நாங்களும் பையைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனோம்.

வீக்கம் வடியவில்லை. கடைசியில் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம். பார்த்ததுமே யானைக்கால் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"தறிக்குழி ஈரத்துல வந்ததுங்களா?" என்று அப்பாவே கேட்டார்.

"ஈரத்துல எப்படிப்பா வரும்? கொசு கடிச்சு வர்றது. உங்க தெருச் சாக்கடையே போதும்."

ரிக்‌ஷாவில் திரும்பும்போது அம்மா சண்டையாவது போடுவாள் என்று காத்திருந்தேன். "கால மேல தூக்கி வெச்சிக்குங்க," என்றாள். அவ்வளவுதான்.

பிறகு கால் குழிக்குள் இறங்காமலே போனது. தறியைப் பிரித்து விற்றோம். திறந்த குழியில் யாராவது விழுந்து வைக்கப் போகிறார்கள் என்று அம்மா புழக்கடை மண்ணை வெட்டி வந்து கொட்டினாள். அவரைப் பந்தல் நின்ற இடத்து மண். தண்ணீர் தெளித்து, மிதித்து, மேலே சாணம் மெழுகினாள்.

சில நாள் கழித்து, மெழுகிய தரையை வெடித்துக்கொண்டு ஓர் அவரை எட்டிப் பார்த்தது. அம்மா கிள்ளப் போனாள்.

"வேணாம்மா, இருக்கட்டும்," என்றார் அப்பா. டி போடாமல் அவர் அவளிடம் பேசி அன்றுதான் கேட்டேன்.

அதற்குத் தண்ணீர் ஊற்றுகிற வேலை அவருடையதானது. குடிக்கிற டம்ளரில் பாதியை மிச்சம் வைத்து, உட்கார்ந்தபடியே நகர்ந்து போய் ஊற்றுவார். அந்த அறையில் வெளிச்சம் ஏது? கொடி வெளுத்து, நூலாக இளைத்து, கதவைப் பார்த்து நீண்டது. வெளியே எடுத்து நடலாமே என்று நான் சொன்னேன்.

"அங்க இன்னா இருக்குது? எல்லாத்தையும்தான் எடுத்தாச்சே," என்றாள் அம்மா. குரல் உயரவில்லை. அப்பா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அழுகிறார் என்று எனக்குத் தெரிந்தது. அவர்மேல் இருந்த கோபத்தை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

அந்த வாரமே கொடி சாய்ந்துவிட்டது. மறுநாள் காலையில் அப்பா டம்ளரில் பாதியை மிச்சம் வைத்துக்கொண்டு நகர்ந்து போனார்.

"செத்துப்போச்சுங்க. ஊத்தாதீங்க," என்றாள் அம்மா.

அப்பா அதைக் கேட்டுக்கொண்டே ஊற்றினார்.