அப்பாவுக்கு இரண்டு சொட்டு

என் சட்டைப் பையில் பேனா இருக்கிறதோ இல்லையோ, விரல் நீளத்தில் ஒரு கண் சொட்டு மருந்துக் குப்பி இருக்கும். பார்ப்பவர்கள் எனக்குத்தான் கண்ணில் கோளாறு என்று நினைத்துக்கொள்வார்கள். எனக்கு ஒரு கேடும் இல்லை. அது அக்காவுக்கு.

இரண்டாயிரத்து ஐந்து வாக்கில் அவளுக்கு ரத்தப் புற்றுநோய் வந்தது. பொருந்துகிற எலும்பு மஜ்ஜை என்னிடம்தான் இருந்தது. வெளியூர் ஆஸ்பத்திரியில் என் இடுப்பெலும்பிலிருந்து எடுத்து அவளுக்கு ஏற்றினார்கள். "ஏலே, ஒனக்க சோம்பலும் சேந்து ஏறிருமோ?" என்று மொட்டைத் தலையோடு கேலி செய்தாள். நோய் போயிற்று, திரும்பி வரவே இல்லை. ஊரில் அதைப் புதுமை, ஆண்டவர் செய்த அற்புதம் என்றார்கள், கோயிலில் நன்றிப் பூசை வைத்தோம். குணமாகிவிட்டது என்றதும் எல்லாரும் கதையை அங்கேயே முடித்துவிடுகிறார்கள். மிச்ச வருஷங்களை யார் கேட்கிறார்கள்? அடுத்த வருஷமே அவளுக்கு வாயும் கண்ணும் வறண்டன. மீன்குழம்பு நாக்கில் பட்டாலே துடித்தாள். உள்ளே போன என் அணுக்கள் அவள் உடம்பை வேற்றாள் என்று நினைத்துத் தாக்குகின்றன, கண்ணீர்ச் சுரப்பிகள் கெட்டுவிட்டன, இனி இப்படித்தான் என்றார் டாக்டர். என்ன கொடுமை இது! கொடுத்ததைத் திரும்ப வாங்கவும் முடியாது. வாங்கினால் அக்கா இல்லை.

சில வருஷம் கழித்து அப்பா இறந்தார். எங்கள் கடற்கரையில் சவப்பெட்டியை மூடுமுன் பிள்ளைகள் கடைசி முத்தம் கொடுக்க வேண்டும். மகள் அழுகிற அழுகையை ஊரே பார்த்துக்கொண்டிருக்கும். அக்கா குனிந்து அப்பாவின் நெற்றியில் முத்தமிட்டாள். முகம் கோணியது, தோள் குலுங்கியது. கண் மட்டும் சிவந்து காய்ந்து கிடந்தது. பக்கத்தில் நான் தாரை தாரையாக அழுதுகொண்டிருந்தேன். அப்பாவின் தங்கை, எங்கள் மாமி, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்: "இவளுக்கு வேண்டி கடலுக்குப் போவாம ஆஸ்பத்திரி வராந்தாவுல கெடந்தானே எங்க அண்ணன்! ஒரு சொட்டு வருதா பாரு, கல்லு நெஞ்சுக்காரிக்கு!"

எனக்கு வந்த ஆத்திரத்தில் மாமிமேல் பாய்ந்திருப்பேன். அக்கா என் கையைப் பிடித்து, கண் எரிகிறது, மருந்து விடு என்றாள். கூட்டத்துக்கு முதுகைக் காட்டி நின்று அவள் கண்ணில் மருந்தை விட்டேன். மருந்து கன்னத்தில் வழிய அவள் திரும்பியதும் மாமி ஓடிவந்து கட்டிக்கொண்டாள். "இப்பமாவது அழுதியே மக்கா!" உண்மையைச் சொல்ல நான் வாயைத் திறந்தேன். அக்கா என் காதோரம் முனகினாள்: "சொல்லாண்டாம்லே. அப்பாவுக்கு இதாவது கெடைக்கட்டு."

இன்று அப்பாவின் ஆண்டுப் பூசை. கோயில் வாசலில் அக்கா நின்று, முகத்தை அண்ணாந்து காட்டினாள். நான் பையிலிருந்து குப்பியை எடுத்தேன்.

"ரெண்டு சொட்டு கூட விடு மக்கா. மாமி வந்திருக்கா."

விட்டேன். என்னால் ஆவது அவ்வளவுதான்.