செட்டல் என்ற சொல்லும் என் அக்காவும்

மலேசியாவின் கிள்ளானில் எங்கள் வீட்டில் அதிகம் புழங்கும் ஆங்கிலச் சொல் எது என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வேன்: செட்டல். லோரி ஓட்டும் அப்பா, முதலாளியோடு பேசிவிட்டுப் போனை வைக்கும்போது "ஓகே பாஸ், செட்டல்" என்பார். மாமாக் உணவகத்தில் சாப்பிட்டு எழுந்ததும் சித்தப்பா, "நீங்க போய் கார்ல ஏறுங்க, நான் செட்டல் பண்ணிட்டு வரேன்" என்று கல்லாப் பக்கம் நடப்பார். சாலையில் இரண்டு கார் உரசிக்கொண்டால் போலீசுக்குப் போகாமல் ஓரமாக நின்று பேசி முடிப்பதும் செட்டல்தான். பக்கத்து வீட்டு அண்ணன் டெங்கில் பக்கம் வீடு வாங்கியபோது அம்மா பெருமூச்சு விட்டார்: "அவன் செட்டல் ஆயிட்டான்." பெருமூச்சு எனக்கானது.

எனக்குச் சொற்கள் ஒரு போதை. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு டியூஷன் நிலையத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். அது போதாமல், ஒரு சொல்லை எடுத்து அதன் அர்த்தங்களையெல்லாம் தமிழில் விளக்கி ஒரு நிமிட வீடியோவாகப் போடுவேன். மாணவர்கள் பார்ப்பார்கள். சொந்தக்காரர்கள் அதைவிட அதிகம் பார்ப்பார்கள். செட்டல் கையில் கிடைத்த வாரம் எனக்குத் தூக்கமே இல்லை. வழக்குத் தீர்வது, பாக்கி கட்டுவது, புது நாட்டில் குடியேறுவது, தூசு அடங்குவது, தேத்தூள் அடியில் படிவது என்று தமிழ் தனித்தனி வினை வைத்திருக்கிற இடமெல்லாம் இந்த ஒரே சொல் செருப்பைக் கழற்றாமல் நுழைந்துவிடுகிறது. ஒரே ஒரு பிரயோகத்துக்குத்தான் நல்ல உதாரணம் சிக்கவில்லை. செட்டல் ஃபார். நினைத்தது கிடைக்காதபோது கிடைத்ததை ஏற்றுக்கொள்வது.

அக்காவும் பிரிக்பீல்ட்ஸில்தான் வேலை செய்கிறாள், ஒரு பல் கிளினிக்கின் முன்மேசையில். சாயங்காலம் இருவரும் ஒரே ரயிலில் கிள்ளானுக்குத் திரும்புவோம். அவளுக்கு அப்போதுதான் நிச்சயம் ஆகியிருந்தது. மாப்பிள்ளை போர்ட் கிள்ளானில் ஒரு கிடங்கில் போர்க்லிப்ட் ஓட்டுகிறார். ஷிப்ட் வேலை, நிதானமான பேச்சு. நான் அவரை முதல் நாளிலிருந்தே மச்சான் என்றுதான் கூப்பிட்டேன்.

அன்று ரயிலில் அக்கா திடீரென்று சொன்னாள்: "அவரப் பாத்தா படபடன்னுலாம் எனக்கு ஒண்ணும் வரலடா. நல்ல மனுஷன். அது தெரியுது. இதுக்கு மேல தேடி என்ன பண்ணப் போறேன்? போதும் லா."

சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். யாரிடமும் சொல்லாததை என்னிடம் சொல்லியிருக்கிறாள். ஒரு தம்பி என்ன செய்திருக்க வேண்டும்? ஏதாவது கேட்டிருக்கலாம். சும்மா பக்கத்தில் உட்கார்ந்தாவது இருந்திருக்கலாம். நான் கைப்பேசியைத் திறந்து அந்த வாக்கியத்தைக் குறித்துக்கொண்டேன். உதாரணம் கிடைத்துவிட்டதே என்ற சந்தோஷம் எனக்கு.

வீடியோவில் பெயர் சொல்லவில்லை. அவ்வளவு முட்டாள் இல்லை என்று நினைத்துக்கொண்டேன். "ஒரு அக்கா இருக்காங்க. கனவுல ஒருத்தர், நிஜத்துல வேற ஒருத்தர். பெருமூச்சு விட்டுட்டு 'போதும் லா'ன்னு தலையாட்டுறாங்க பாருங்க, அதான் செட்டல் ஃபார்!" அந்தப் 'போதும் லா'வை அக்காவின் குரலிலேயே இழுத்துச் சொன்னேன். எனக்குக் குரல் நன்றாக வரும். நான்கு முறை எடுத்து, சிரிப்பு வருகிற மாதிரி வந்ததை வைத்துக்கொண்டேன்.

சின்ன அத்தை அதைக் கல்யாண குரூப்பில் போட்டுவிட்டார். "நம்ம வீட்டுப் பிள்ள என்ன அழகா பேசுது பாருங்க!" கல்யாண வேலைக்காக இரண்டு வீட்டாரும் சேர்ந்திருந்த குரூப் அது. சிரிக்கிற பொம்மைகள் இரண்டு வந்தன. பிறகு மாப்பிள்ளையின் அம்மா ஒரே வரி எழுதினார்: "யாரு தம்பி அந்த அக்கா?" அதன் பிறகு யாருமே எதுவும் எழுதவில்லை.

நான் வீடியோவை அழித்தேன். பார்த்தவர்களின் காதிலிருந்து எப்படி அழிப்பது?

அக்கா வேலை முடிந்து வந்தாள். கத்துவாள் என்று தயாராக நின்றேன். கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் கேட்டாள்: "ட்ரெய்ன்ல நான் பேசிக்கிட்டு இருக்கும்போதேயா எழுதின?"

ஆமாம் என்றேன். அவள் அறைக்குள் போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வந்தார். தனியாக, மோட்டார் சைக்கிளில், ஒரு பொட்டலம் பீசாங் கோரேங் வாழைப்பழப் பஜ்ஜியோடு. அம்மா தேத்தண்ணி கலக்க ஓடினார். அப்பா அசட்டுச் சிரிப்போடு ஆரம்பித்தார்: "மாப்ள, இவன் வாயி பிரேக் புடிக்காத லோரி. எங்க மோதும்னு அவனுக்கே தெரியாது."

"பரவால்ல மாமா," என்றவர் என்னைப் பார்த்தார். "தம்பி, கொஞ்சம் வெளிய வா."

வாசலில் அவருடைய மோட்டார் பக்கத்தில் நின்றோம். மன்னிப்புக்கு நான் ஒரு சொற்பொழிவே தயாரித்து வைத்திருந்தேன். வாயைத் திறந்தால் மச்சான் என்ற சொல் வரவில்லை. "சாரி அண்ணே, நான் வந்து..."

"சாரி இருக்கட்டும். ஒண்ணுதான் கேக்கணும். அது உன் அக்கா சொன்னதா, நீயா சொன்னதா?"

கண்ணை எடுக்காமல் கேட்டார். ஹெல்மெட்டின் வாரைக் கை முறுக்கிக்கொண்டே இருந்தது. இந்த ஒரு பதிலுக்காகத்தான் ஷிப்ட் முடித்துத் தூங்காமல் வந்திருக்கிறார் என்பது முகத்தில் தெரிந்தது.

"நானா சொன்னதுண்ணே. அக்காவுக்கு ஒண்ணுமே தெரியாது."

"சத்தியமா?"

"சத்தியமா."

அவர் தோள்கள் இறங்கின. "நெனச்சேன். அவங்க அப்படிப் பேசற ஆளு இல்ல." என் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். "நீ நல்லாதான்டா சொல்லிக் குடுக்கற. எனக்கே புரிஞ்சுது பாரு." சிரித்தார். கேலியில்லாத சிரிப்பு. நானும் கூடச் சிரித்தேன். சிரித்தது இன்னும் உறுத்துகிறது.

அவர் உள்ளே வந்து தேத்தண்ணி குடித்துவிட்டுக் கிளம்பினார். காப்பாற்றிவிட்டேன் என்ற நினைப்போடு திரும்பினால் அக்கா ஜன்னலருகே நின்றிருந்தாள். எல்லாம் கேட்டிருக்கிறது.

"எதுக்குடா பொய் சொன்ன?"

"உனக்காகத்தான்கா..."

"எனக்காகவா? நான் சொன்னதை ஊருக்கே சொன்ன. இப்ப நான் சொல்லவே இல்லன்னும் நீயே சொல்லிட்ட. அவருகிட்ட என்ன சொல்லணும், எப்படிச் சொல்லணும்னு நாலு நாளா யோசிச்சுக்கிட்டு இருக்கேன்டா. நானே சொல்லியிருப்பேன். இப்ப வாழ்நாள் பூரா உன் பொய்ய நான் காப்பாத்தணுமா?"

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு, கைப்பேசியைக் காதில் வைத்தபடி தெருமுனைக்கு நடந்தாள். சற்று நேரத்தில் மோட்டார் திரும்பி வரும் சத்தம் கேட்டது. முனையில் இருவரும் நின்று பேசினார்கள். ஒரு முறை அவர் தலை குனிந்தது. அக்காவின் கைகள் ஏதோ விளக்கிக்கொண்டிருந்தன. ஒரு வார்த்தைகூட எனக்குக் கேட்கவில்லை. திரும்பி வந்தவளிடம் அம்மா, "என்னம்மா பேசினீங்க?" என்றார். "பேசினோம்," என்றாள் அக்கா. அவ்வளவுதான்.

கல்யாணம் நடக்கப்போகிறது. அவருக்கு என்ன தெரியும், எவ்வளவு தெரியும் என்று எனக்குத் தெரியாது. கேட்க உரிமையும் இல்லை. அவர் ஒவ்வொரு முறை "தம்பி" என்று கூப்பிடும்போதும் அவர் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்க்கிறேன்.

போன வாரம் கிள்ளானில் கூறைப்புடவை எடுக்கப் போயிருந்தோம். கருஞ்சிவப்பில் ஒன்றை அவர் கையில் எடுத்தார். "தம்பி, இந்தக் கலருக்கு இங்கிலிஷ்ல என்ன பேரு?"

மூன்று சொற்கள் நாக்கு நுனிக்கு வந்தன. மூன்றுக்கும் இடையிலான வித்தியாசமும் தெரியும்.

"தெரியல மச்சான்," என்றேன். "அக்காவக் கேளுங்க."

அக்கா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பிறகு புடவையின் ஒரு முனையைத் தன் பக்கம் இழுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க ஆரம்பித்தாள்.